காந்தத் தகட்டில் ஒரு கருப்பர்

காரைக்குடி செக்காலை ரோட்டில் சத்தியமூர்த்தியின் ஸ்டிக்கர் கடைக்கும் என் சீட் கவர் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், அதுவும் பாதிச் சுவர். அவரைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவே. மலையையே பார்க்காதவன் மலையேறும் வண்டியைப் பற்றிப் பேசி லட்சக்கணக்கில் ஆள் சேர்க்கிற காலம் இது. பதினான்கு வருசம் ஒரு மனுசனைப் பக்கத்திலிருந்து பார்த்த நான் நாலு பக்கம் எழுதினால் குடி முழுகிவிடாது.

சத்தியமூர்த்திக்கு நாற்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் வேலை பழகிக்கொண்டு ஊருக்கு வந்து கடை போட்டவர். முக்கியமான வேலை, வண்டிகளுக்குச் சாமி பெயர் ஒட்டுவது. நம் பக்கத்தில் புது வண்டி எடுத்தவன் முதலில் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்குவான். அங்கிருந்து நேரே சத்தியமூர்த்தி கடைக்கு வருவான். கருப்பர் துணை, ஐயனார் துணை, வைரவர் துணை, கொப்புடையம்மன் துணை என்று அவரவர் வீட்டுச் சாமி முன் கண்ணாடியில் ஏறிய பிறகுதான் அது அவன் வண்டி. இன்சூரன்ஸ் முடிந்துபோன வண்டியைக் கூசாமல் ஓட்டுகிற ஆட்கள் இங்கே உண்டு. சாமி பெயர் இல்லாமல் ஓட்டினால் மட்டும், யாரிடம் இரவல் வாங்கினாய் என்று கேள்வி வரும்.

ஒட்டுவது பாதி வேலை, மீதிப் பாதி உரிப்பது. வண்டியை விற்கிறவன் தன் குலசாமியையும் சேர்த்து விற்க மாட்டான். அதனால் கடைசியாக ஒரு தடவை இங்கே வந்து பெயரை எடுத்துக்கொண்டு போவான். சத்தியமூர்த்தி சூடான காற்றைக் காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் எடுப்பார். எடுத்த பெயரைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டு வைத்திருக்கிறார். சாக்கு நிறைந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை; இப்போது சாக்கு மூன்றாகிவிட்டது.

அவருடைய ஞானமெல்லாம் இந்த உரிப்பில் கிடைத்தது. எந்த மாடல் வண்டியில் ஒட்டிய பெயரை எத்தனை மாசத்தில் உரிக்க வருகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். யாராவது வந்து ஒரு வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "எட்டு மாசத்துல மூணு பேரு உரிச்சுட்டாக" என்பார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். பறக்கும் கேமரா கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. அந்த ஒரு வரியை நம்பி இந்த ஊரில் வண்டி வாங்கினவர்களும் உண்டு, வாங்காமல் தப்பித்தவர்களும் உண்டு. அதே வரியை நான் சொன்னால் ஒரு பயல் கேட்க மாட்டான். சீட் கவர் விற்பதற்காகச் சொல்கிறேன் என்பான். அவன் சொல்வதும் உண்மைதான்.

ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் பெயர் ஒட்டிய இந்த மனுசனுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு மொபெட். கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது. கடை வாசலில் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவதோடு அதன் உபயோகம் முடிந்தது. ஆனால் ஆசை மட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற, காடு மேடு ஏறுகிற ஜீப் மேல். மதியம் சாப்பாடு ஆனதும் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவார். ஒருவன் பனியில் வழுக்குவான், ஒருவன் மணலில் புதைவான். இருவருமே கடைசியில் கேமராவைப் பார்த்து இந்த வண்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். எந்த வண்டியைத்தான் அடித்துக்கொள்ள ஆளிருக்கிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் எல்லோரையும்விட அவருக்குப் பிடித்தவன் நம்மூர்க்காரன், 'கரடுமுரடு கார்த்திக்'. கண்டனூர்ப் பையன், வயது இருபத்தொன்பது. ஒவ்வொரு வீடியோவும் ஒரு பெரிய வீட்டு வாசலில் தொடங்கும். "நம்ம வீடு" என்று கையை அகலமாக விரிப்பான். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் இருபத்திரண்டு பேர். கணக்காகப் பிரித்தால் இவனுக்கு இரண்டு தூண் வரும். அடுத்து ஒரு கண்மாய்க்குள் இறங்கி, இதுவரை எந்த வண்டியும் கால் வைக்காத பாதை என்பான். அவனுக்குப் பின்னால் ஒரு அம்மா கீரைக்கட்டை வைத்துக்கொண்டு சைக்கிளில் நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார். அந்த வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். ஒருவர்கூட அந்த அம்மாவின் சைக்கிள் என்ன கம்பெனி என்று கேட்கவில்லை.

போன வருசம் கார்த்திக் ஒரு ஜீப்பைப் பற்றி வீடியோ போட்டான். சொந்தக் காசில் வாங்கினது, இரண்டு வருசம் ஆகிறது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஒரு குறை இல்லை என்றான். நம்பர் பிளேட்டை மட்டும் மங்கலாக்கியிருந்தான். அந்தரங்கம் முக்கியமாம். பெண்டாட்டியின் வளைகாப்பை நாலு பாகமாகப் போட்டவனுக்கு நம்பர் பிளேட்டில்தான் அந்தரங்கம் இருந்தது. அதையெல்லாம் ஜனங்கள் மன்னித்துவிட்டார்கள். ஆனால் சிங்கம்புணரிக்காரர் ஒருவர் கீழே ஒரே வரி எழுதினார்: 'சொந்த வண்டின்னா சாமி பேரு எங்க ப்ரோ?' அதற்குத் தொள்ளாயிரம் லைக். எஞ்சினைப் பற்றி என்ன அளந்தாலும் நம் ஆட்கள் கேட்டுக்கொள்வார்கள், இந்த விசயத்தில் ஏமாற மாட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த ஜீப் எங்கள் கடை வாசலில் நின்றது. கார்த்திக் இறங்கி வந்தான். சத்தியமூர்த்தி எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"அண்ணே, ஒரு சாமி பேரு வேணும். கழட்டி மாட்டுற மாதிரி."

"எந்தச் சாமி தம்பி? உங்க வீட்டுக்கு வைரவர்தான?"

"வைரவர் வேணாண்ணே. கருப்பர்னு போடுங்க, மதுரையிலருந்து ராமநாதபுரம் வரைக்கும் எல்லாரும் நம்ம சாமிம்பாக."

"அதுக்கு ஏன் தம்பி கழட்டி மாட்டணும்?"

"வெள்ளிக்கிழமை வண்டியத் திருப்பிக் குடுக்கணும்ணே. பசை பட்டா கம்பெனிக்காரவுக சத்தம் போடுவாக."

குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. போனுக்குள் இருந்து பார்க்கிறவர்களிடம்தான் நடிக்க வேண்டும், எதிரில் நிற்கிற கடைக்காரனிடம் எதற்கு என்று நினைத்திருப்பான். சத்தியமூர்த்தியின் முகம் செத்துப்போனது. அந்தப் பயலின் வீடியோ ஒன்றைக்கூட விடாமல் பார்த்தவர் அவர்.

ஆனாலும் தன் கடமையைச் செய்தார். "தம்பி, இந்த மாடல் இங்குட்டு ரெண்டு வந்துச்சு. ரெண்டு பேருமே ஏழு மாசத்துல உரிச்சுட்டாக. நாலு சக்கர இழுப்புக்குப் போட்டா, மறுபடி ரெண்டு சக்கரத்துக்கு வரமாட்டேங்குதாம்."

"அவுகளுக்கு ஓட்டத் தெரியலண்ணே," என்றான் கார்த்திக். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தான். எதைக் காட்டினால் யார் மசிவார்கள் என்பது அவன் தொழில். "நீங்க ஓட்டிப் பாத்திருக்கீகளா? நாளைக்குக் காலையில கோவிலூர்ப் பக்கம் கண்மாயில ஷூட்டிங். வாங்க. அரை மணி நேரம் நீங்களே ஓட்டுங்க."

சத்தியமூர்த்தி உள்ளே போய் மெஷினைப் போட்டார். அதுதான் பதில்.

டிரைவிங் ஸ்கூலுக்கு 'எல்' போர்டு செய்ததில் மீந்த காந்தத் தகடு ஒன்று கிடந்தது. அதன் மேல், ஷோகேஸில் வெயில் பட்டு வெளுத்த பழைய ஸ்டிக்கர் ரோலில் கருப்பர் துணை வெட்டி ஒட்டினார். இரண்டு வருசப் பழசு என்று தெரிய வேண்டுமே. ஓரங்களில் ரோட்டுப் புழுதியைத் தேய்த்தார். 'துணை'யின் குறுக்கே பிளேடால் மெல்லிய கீறல் ஒன்று போட்டார். மரக்கிளை உரசினது மாதிரியே இருந்தது. இவ்வளவு அக்கறையாக அவர் ஒரு நிஜ வண்டிக்குக்கூட வேலை செய்து நான் பார்த்ததில்லை. என்னை மட்டும் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். நைந்த சீட் கவர் ஒரு செட் கிடைக்குமா என்று கார்த்திக் கேட்டான். கொடுத்தேன், மாட்டியும் விட்டேன்.

மறுநாள் நானும் போனேன், வேடிக்கை பார்க்க. கண்மாய் காய்ந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு இருந்தது. சத்தியமூர்த்தி வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்து, பெல்ட்டைப் போட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கரையிலிருந்து இறக்கினார், சேற்றைக் கடந்தார், எதிர்க்கரையில் ஏறினார், திரும்பினார். ஆறாவது சுற்றில் பார்த்தேன், மனுசன் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருசத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே சந்தோசமாக இருந்தது.

ஏழாவது சுற்றில் ஒரு மேட்டில் வண்டி குதித்தது. பானட்டிலிருந்த கருப்பர் கழன்று சேற்றில் விழுந்தார். கேமரா பிடித்தவன் "கட்" என்றான். அப்போதாவது சத்தியமூர்த்தி மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கருப்பரே இறங்கிக்கொண்ட வண்டியில் இவருக்கென்ன வேலை. ஆனால் இறங்கி, தகட்டை எடுத்து, தன் சட்டையிலேயே துடைத்து, அதே இடத்தில் வைத்து அமுக்கினார்.

பிறகு கார்த்திக் அவர் தோளில் கை போட்டு, கேமராவைப் பார்த்து நிறுத்தினான்.

"அண்ணே, இந்த வண்டிக்குச் சாமி பேரு போட்டது யாரு?"

"நான்தான்."

"ரெண்டு வருசமா பாக்குறீக. வண்டி எப்படிண்ணே?"

சத்தியமூர்த்தி ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நல்ல வண்டி," என்றார்.

அந்த வீடியோவை ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். சிங்கம்புணரிக்காரர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். காரைக்குடி ஆட்கள் பலர், சத்தியமூர்த்தி அண்ணனே சொல்லிவிட்டார், இனி என்ன பேச்சு என்று எழுதியிருந்தார்கள். அவர் மனைவி பொன்னுத்தாயி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதை அனுப்பிவைத்தார். இரண்டு வாரம் மனுசன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் கடைக்கு வந்தார். என் நைந்த சீட் கவரும் அந்த வீடியோவில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. என் மேல் நம்பிக்கை வைத்திருந்தால்தானே என்னால் அதைக் கெடுக்க முடியும்.

மூன்றாவது வாரம் அரியக்குடி அழகுராஜா வந்தான். தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் வைத்திருக்கிறவன், எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம். வந்தது அதே மாடல் புது ஜீப்பில். மாலை வாடாமல் இருந்தது.

"ஐயனார் துணைன்னு போடுங்கண்ணே. பத்து வருசத்துக்கு அசையக் கூடாது."

சத்தியமூர்த்தி வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"அதான் சொல்லிட்டீகளே. அந்தக் கார்த்திக் பய ஆயிரம் சொல்லுவான், அவன் பேச்சக் கேட்டு எவன் வாங்குவான்? நீங்க நல்ல வண்டின்னீக, மறுநாளே புக் பண்ணிட்டேன்."

சொல்லியிருக்கலாம். அப்போதே உண்மையைச் சொல்லி, திருப்பிக் கொடுக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். நான் பாதிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, சொல்லிவிடுங்கள் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைக் கவனிக்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் மறுபடியும் துடைத்தார். கடைசியில் ஐயனாரை ஒட்டி அனுப்பிவிட்டார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதில் பாதி என் மேலேயே.

சரியாக ஐந்தாவது மாசம் அந்த ஜீப் தோப்புக்குள் நாலு சக்கர இழுப்புக்குப் போய், மறுபடி இரண்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றது. மதுரைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்து வந்தது, பத்து நாளில் மறுபடியும் போனது. உரம் ஏற்றவும் தேங்காய் ஏற்றவும் அழகுராஜா பக்கத்துத் தோப்புக்காரரின் பழைய டெம்போவை இரவல் கேட்டான். கேட்கும்போதெல்லாம் அவர், உன் ஜீப் எங்கே என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தாராம்.

அந்தச் சமயம் பார்த்து கார்த்திக் அடுத்த வீடியோ போட்டான். வேறு கம்பெனி, வேறு நிறம், சொந்தக் காசு, மூன்று வருசம், ஒரு குறை இல்லை. பானட்டில் கருப்பர் துணை. வெளுத்த அதே எழுத்து, 'துணை'யின் குறுக்கே அதே கீறல்.

அதைப் பார்த்துவிட்டு அழகுராஜா பைக்கில் வந்து இறங்கினான். சத்தம் போடுவான் என்று நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அவன் போனை மேசை மேல் வைத்தான், அவ்வளவுதான். சத்தியமூர்த்தி எல்லாவற்றையும் சொன்னார், காந்தத் தகடு, கண்மாய், அரை மணி நேரம் எல்லாம். சொல்லி முடித்ததும், "நான் செஞ்சது தப்புப்பா. மன்னிச்சுக்க," என்றார். கண் கலங்கிவிட்டது.

"அத விடுங்க," என்றான் அழகுராஜா. "வண்டிய விக்கப் போறேன். தேவகோட்டையில இருந்து நாளைக்கு ஒருத்தர் பாக்க வாராக. எல்லாம் பிடிச்சிருக்காம், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கிக்கிறேன்னுருக்காக. நல்ல வண்டின்னு சொல்லிருங்க."

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிப்பா சொல்றது?"

"அந்தக் கார்த்திக் பயலுக்குச் சொன்னீகள்ல."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று மதியம் சத்தியமூர்த்தி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. சாயங்காலம் என்னிடம், "நாளைக்கு உள்ளதச் சொல்லிருவேன் ஈஸ்வரா," என்றார். சொன்னால் அழகுராஜா நஷ்டப்படுவானே என்றேன். "நான் குடுத்த வார்த்தையால வந்த நஷ்டம், நான் கொஞ்சம் கொஞ்சமா ஈடு கட்டுறேன்," என்றார்.

தேவகோட்டைக்காரர் மறுநாள் பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. சத்தியமூர்த்தி அவரை உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னார். இந்த மாடலை இந்த ஊரில் யார் யார் எத்தனை மாசத்தில் உரித்தார்கள், அழகுராஜா வண்டி எத்தனை தடவை மதுரைக்குப் போனது, வீடியோவில் தான் சொன்னது எப்படிப் பொய் என்று எல்லாம். நானே சாட்சிக்கு என் சீட் கவர் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுப் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினார்.

"இது நீங்கதான?"

"ஆமா."

"ஆறு லட்சம் பேரு பாக்க, கேமரா முன்னாடி நல்ல வண்டின்னு சொல்லியிருக்கீக. இங்க என்கிட்ட மட்டும் தனியா மோசம்ங்கிறீக. வேற யாருக்காச்சும் இந்த வண்டிய முடிச்சுக் குடுக்கப் பாக்குறீகளா?"

சத்தியமூர்த்தி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். சிரித்துவிட்டார் அந்த மனுசர். தானும் வியாபாரம் பண்ணுகிற ஆள்தான், விலையை இறக்குவதற்காக வண்டியைக் குறை சொல்கிற பேச்செல்லாம் தனக்கும் தெரியும் என்றார். போகும்போது வீடியோவில் பார்த்த ஆள் என்று அவரை நிறுத்தி ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். அன்று மாலையே வண்டியை வாங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் அழகுராஜா பத்து இளநீரைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். முகம் தெளிந்திருந்தது. மேசையில் இறக்கி வைத்தான்.

"ரொம்ப நன்றிண்ணே. சொல்ல மாட்டேன்னு பிகு பண்ணுனீக. கடைசியில சொல்லிட்டீக."

"நான் சொல்லலப்பா. மோசமான வண்டின்னுதான் சொன்னேன். ஈஸ்வரனக் கேளு."

அழகுராஜா என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்றேன். அவன் லேசாகச் சிரித்தான்.

"சரிண்ணே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான். "தம்பி முறையில ஒருத்தன் டிராக்டர் விக்கணும்னு நிக்கிறான். அவனையும் உங்ககிட்ட அனுப்புறேன்."